ஆளுக்கொரு தமிழ்

முதல் நாள் அவர் என்னோடு பேசியது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

"ஓம், பிரின்சிபலிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். ஞாயிற்றுக்கிழமையும் ஒருக்கா வந்து பாக்கலாமோ?" என்றார். எங்கள் ஊர் ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளி வளர்ந்த ஒருவர் கேட்பதுபோல இருந்தது. எனக்கு உடனே பிடித்துப்போனது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் தாய் பிரியா உள்ளே வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. "சார், நீங்கதான் அந்த ரிசர்ச் பண்றவங்களா? எங்க வீட்டுக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப வர்றேங்க" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. குரல், இழுப்பு, தலை ஆட்டும் விதம்கூட மாறியிருந்தது. பிரியா போனதும் என் பக்கம் திரும்பி, "அப்ப ஞாயிறு எத்தினை மணிக்குத் திறப்பியள்?" என்றார், மறுபடியும் எங்கள் ஒழுங்கைக்காரராக.

"நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"நீங்கள் எந்த இடம் எண்டு நினைக்கிறியள்?" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் சந்தேகம் தொடங்கியது அந்த நாளில்தான்.

மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் ஓர் அரசாங்க ஆரம்பப் பாடசாலையில் நான் உதவியாளராக இருக்கிறேன். ஆங்கிலம் சரியாக வராத பெற்றோருக்கும் தமிழ் அறியாத ஆசிரியர்களுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பாடசாலை மண்டபத்தை ஒரு தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. நான் சைவக்காரி. என்றாலும் வீடு பக்கத்தில் என்பதால் மண்டபத்தைத் திறந்து பூட்டும் பொறுப்பு என்னுடையது. அவர் ஆராய வந்தது இந்த இரண்டையும்தான். மெல்பேர்னின் இந்தப் பக்கத்தில் தேவாலயங்களும் அரசாங்கப் பாடசாலைகளும் ஒன்றுக்கொன்று என்ன செய்கின்றன என்பது கேள்வி. ஒரு பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. பிரின்சிபல் சம்மதித்திருந்தார். பாஸ்டரும் சம்மதித்திருந்தார். பங்கெடுக்க விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஆராய வந்தவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். எல்லாம் முறையாகவே இருந்தது.

ஐம்பது வயதிருக்கும். உயரம், மெலிவு, தோள் கொஞ்சம் முன்னுக்கு வளைந்திருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருந்தது. அது சைவப் பெயரா வேதக்காரப் பெயரா, இந்தியப் பெயரா எங்கள் பெயரா என்று சொல்ல முடியாத ஒரு பெயர். அதனாலோ என்னவோ யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆராய்ச்சிக்காரர் என்றே சொன்னோம். யாராவது பேசத் தொடங்கினால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணாடி போட்டிருந்தால் ஆளைப் பாத்துக்கொண்டு இருந்திடுவன். கழட்டினால்தான் காது வேலை செய்யும்" என்றார். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. வீட்டில் போய்ச் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"காதால வேலை செய்யிற ஆளோ? அப்ப ஆரோ அனுப்பின ஆள்தான்" என்றார்.

"ஆர் அனுப்பினது? யூனிவர்சிற்றி அனுப்பினது."

"நீர் எல்லாரையும் நம்புவீர். எம்பசியில இருந்து வந்த ஒருத்தன் முந்தி இப்பிடித்தான் ஒவ்வொரு வீடாத் தேத்தண்ணி குடிச்சுத் திரிஞ்சவன். நீர் அவரோட அளந்து கதையும்."

இலங்கை எம்பசி என்றால் என் கணவருக்கு ஒரு பயம். போர்க் காலத்தில் ஊரை விட்டு வந்தவர். இருபது வருடமாக இங்கே பிரஜையாக இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. பாஸ்டருடைய பயம் வேறு. அரசாங்கப் பாடசாலைக்குள் சபை நடப்பது பிடிக்காத யாரோதான் இவரை அனுப்பியிருக்கிறார்கள், அறிக்கை எழுதியதும் மண்டபத்தைப் பறிப்பார்கள் என்று அவர் நினைத்தார். ஆளாளுக்குத் தங்களிடம் இருந்த பயத்தை எடுத்து அந்த மனிதருக்கு உடுத்திப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் அளவாக இருந்தார்.

ஞாயிறு காலையில் சபையார் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். மண்டபச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஒட்டிய படங்கள், பாடசாலை விதிகள், பூர்வீக மக்களின் கொடி, எல்லாவற்றையும். பிறகு சபையார் வந்து மேடைக்குப் பின்னால் ஊதாத் துணி கட்டி, சிலுவையை வைக்கும்போது எது மறைகிறது, எது மறையாமல் இருக்கிறது என்று பார்ப்பார். கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டுத் தொடங்கினால் திரையைப் பார்க்காமலே எல்லா வரியையும் பாடுவார்.

"சிஸ்டர், அவர் எங்கட ஆள்தான். எல்லாப் பாட்டும் பாடமாத் தெரியுது" என்று பாஸ்டர் ஒருநாள் மகிழ்ந்துபோய்ச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். நவக்கிரகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் ஆராய்ச்சிக்காரர். நெற்றி நிறைய விபூதி. என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தாயோடு தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதை நான் பாஸ்டருக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததே எனக்கு ஒரு பாரமாக இருந்தது.

அவரை வெறுக்க முடியாமல் செய்ததும் அவருடைய பேச்சுத்தான். பிள்ளைகளின் ஆசிரியர்களிடம் வாயே திறக்காத தாய்மார் அவரிடம் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். புத்தளத்துப் பெண் ஒருத்தி, இந்த நாட்டுக்கு வந்த பிறகு தன் ஊர்ப் பேச்சை வெளியாள் ஒருவர் வாயில் கேட்டது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அவர் யாரையும் போலச் செய்து காட்டுவதில்லை. எதிரே இருப்பவரின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாய்க்குள் ஏறிவிடும். தனக்கே அது தெரியவில்லை என்றுதான் சில நேரம் எனக்குத் தோன்றும். சில நேரம், தெரிந்தே செய்கிறார் என்று தோன்றும். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் வராது. கலியாணம் கட்டினவரா என்று கேட்டால், "கட்டினவைக்கும் கட்டாதவைக்கும் என்ன வித்தியாசம் எண்டு நினைக்கிறியள்?" என்பார். கேட்டவர் தன் கலியாணக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஜெயசீலனின் விஷயம் நடந்தது குளிர்காலம் தொடங்கியபோது.

ஜெயசீலன் படகில் வந்தவன். அப்போது பெடியன், இப்போது மனைவியும் பிள்ளையும் இருந்தும், ஒரு தற்காலிக விசாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தான். கோழி வெட்டும் ஆலையில் வேலை. ஞாயிறு காலை சபையார் உட்காரக் கதிரை அடுக்குவது அவன்தான். மகள் அபிஷா எங்கள் பாடசாலையில் இரண்டாம் வகுப்பு. மனைவி ரூபி, சபையார் பாடசாலையில் நடத்தும் காலை உணவு மேசையில் பாண் வாட்டிக் கொடுப்பாள். வன்னிக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சும் அப்படித்தான்.

அன்று நான் மண்டபத் திறப்பைக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்றேன். ஜெயசீலன் கதிரைகளை இழுத்துப் போட, ஆராய்ச்சிக்காரர் கூடச் சேர்ந்து அடுக்கினார். இருவரும் பாடசாலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அபிஷா ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரும்போது, 'இது என்ர ஸ்கூல்' என்று மற்றப் பிள்ளைகளை அதட்டுவாளாம். ஜெயசீலன் அதைச் சொல்லிச் சிரித்தான்.

"இந்த வரிசையை முடிச்சுப்போட்டுப் பிறகு துணியைக் கட்டுவம்" என்றான்.

"சரி, இத முடிச்சிட்டு அப்புறம் கட்டிக்கலாம்" என்றார் அவர்.

ஜெயசீலனின் கை கதிரையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் என்பது எங்கள் ஆட்கள் வாயில் வராத சொல். என்னோடு பேசிய அத்தனை நாளில் ஒருதடவைகூட அவர் அதைச் சொன்னதில்லை. வன்னிக்காரன் ஒருவனுக்கு முன்னால் நின்று அவர் ஏன் தமிழ்நாட்டுத் தமிழ் பேசினார்? அவர் வாயில் ஏறுவது எப்போதும் எதிரே நிற்பவரின் தமிழ். அப்படியென்றால் அவர் காது ஜெயசீலனிடம் எங்களுக்குக் கேட்காத எதையோ கேட்டிருக்கிறது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று ஜெயசீலன் கேட்டான்.

"எப்பிடி?"

"ஒண்டுமில்லை."

மிச்சக் கதிரைகளை அவன் தனியாக அடுக்கினான். ஆராதனை முடியும்வரைகூட நிற்கவில்லை. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இடையிலேயே போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. ரூபி உணவு மேசைக்கு வரவில்லை. அபிஷா பள்ளிக்கூடமும் வரவில்லை.

அதற்குள் சபையில் வேறொரு பேச்சுப் பரவிவிட்டது. பாஸ்டர் எனக்கு அழைப்பெடுத்தார். "சிஸ்டர், அந்த ஆள் ஆர் எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ? எங்கட பெடியன் ஒருத்தன் சொல்லுறான், அகதிக் கேஸ்களில குரலைப் பதிஞ்சு அனுப்புவாங்களாம். அதைக் கேட்டு, இவன் இந்த ஊர், இவன் பொய் சொல்லுறான் எண்டு சொல்லுறதுக்கு ஆக்கள் இருக்கினமாம். பேர் வெளியில வராதாம். இவர் அந்த ஆள் எண்டு கதைக்கினம்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைக்கும் அந்தக் கை கண்ணுக்குள் வந்தது.

வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பதும் என் வேலைதான். ரூபி, "காய்ச்சல் அக்கா" என்றாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை எடுக்கவில்லை. வேலை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். யாரோ ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் சிறிய பகுதி. ரூபி கதவை அரைவாசி திறந்து, நான் தனியாகத்தான் வந்தேனா என்று என் தோளுக்கு மேலால் பார்த்தாள். குசினியில் சட்டி பானைகள் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. அபிஷா ஒரு காய்ச்சலும் இல்லாமல் பெட்டிகளுக்கு மேல் ஏறி இருந்தாள்.

"எங்க போறியள்?"

"சிட்னிக்கு. ஹோம்புஷ்ல என்ர மச்சாள் இருக்கிறா. அங்க போனா ஆருக்கும் தெரியாது."

"ரூபி, இஞ்ச இரும். என்ன நடந்தது?"

அவள் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். ஜெயசீலன் பிறந்தது வன்னி. ஆறு வயதில் தாய் தகப்பனோடு இராமேஸ்வரம் போய் இறங்கியவன். இருபது கடந்தும் அங்கே அகதி முகாமிலேயே இருந்தவன். படகு ஏறியது அங்கிருந்துதான். ஆனால் இங்கே விசாரித்தவர்களிடம் வன்னியிலிருந்து நேரே வந்ததாகச் சொல்லிவிட்டான். இந்தியாவில் இருந்ததைச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள் என்று படகில் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம்.

"தமையனைச் சுட்டது உண்மை அக்கா. வீடு எரிஞ்சது உண்மை. இது ஒண்டுதான் பொய். அந்தாள் கண்டுபிடிச்சிட்டார். இவர் சாப்பிடுறேல்லை, நித்திரை கொள்ளுறேல்லை. இவ்வளவு வருசமாப் பாத்துப் பாத்துக் கதைச்ச மனுசன். வீட்டுக்குள்ளகூட அந்த முகாம் தமிழ் கதைக்க மாட்டார்."

கொஞ்சம் பொறுங்கள், ஓட வேண்டாம், நான் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரை விசாரிப்பது, எப்படி விசாரிப்பது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

அடுத்த நாள் பிள்ளைகள் போன பிறகு பாடசாலை வாகனத் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். காரில் ஏறப் போனவர் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டேன்.

"ஏன், என்ன நடந்தது?"

"கேள்வி கேளாதேங்கோ. இண்டைக்கு ஒரு நாளைக்கெண்டாலும் பதில் சொல்லுங்கோ. குரலைக் கேட்டு ஊர் சொல்லுற வேலை செய்யிறனீங்களோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பிடித்தபடி வெறுமனே நின்றார். மறுப்பார் என்று நினைத்தேன். சிரிப்பார் என்றும் நினைத்தேன்.

"செய்தனான்" என்றார்.

"இப்ப?"

"விட்டிட்டன்."

"ஏன்?"

"பிழை விட்டனான்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு பெடியன்ர குரல். இந்தியாவில வளந்தவன், சிலோன் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். எனக்குச் சந்தேகமே இருக்கேல்லை. அவன் இந்தியாவில காலே வைக்காதவன். தாய்தான் அங்க வளந்து திரும்பிப் போனவ. அவன் தாயின்ர தமிழைக் கதைச்சிருக்கிறான். அது பிறகுதான் தெரிஞ்சது. அதுக்குள்ள திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"அந்தப் பெடியன் எங்க இப்ப?"

"தெரியாது. தேடினனான். தெரியாது."

காற்று குளிராக அடித்தது. அவர் சொன்னதை நம்ப வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் அவர் அதையும் என்னுடைய தமிழில்தான் சொன்னார். என் சொந்தத் தம்பி வந்து நின்று மனம் விட்டுச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்தக் குரலுக்கு மயங்காதவர் யார்? மயங்க வைப்பதுதானே இவருடைய வேலை? துக்கமாக இருக்கும் ஒரு மனிதருக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அவருடைய சொற்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வாறேல்லை?" என்று அவர் கேட்டார்.

"எந்தப் பிள்ளை?"

"உங்களுக்குத் தெரியும்."

"உங்களாலதான்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நான் போய்க் கதைக்கட்டோ?"

"வேண்டாம். அந்தப் பக்கமே போகாதேங்கோ."

அவர் போனார். அந்த வாரமே ஜெயசீலன் வீட்டுக்குப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை காலையில் அபிஷா பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலை வாசலில் நின்றாள். கொண்டுவந்து விட்ட ஜெயசீலனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "என்ன நடந்தது?" என்றேன்.

"அந்தாள் வீட்ட வந்தவர் அக்கா. நான் கதவு திறக்கேல்லை. வெளியில படியில இருந்திட்டார். மழை தூறினது. பிறகு ரூபிதான் திறந்து விட்டவ."

"என்ன சொன்னவர்?"

"குரலைக் கேக்கத் தெரிஞ்ச எவனுக்கும் என்னைக் கொஞ்ச நேரத்தில தெரிஞ்சிடுமாம். நான் எவ்வளவு மறைச்சாலும் தெரியுமாம். அவங்கள் கண்டுபிடிக்க முந்தி, நானே லோயரைப் பிடிச்சு முகாமில இருந்த கதையைச் சொல்லட்டாம். சுட்டது உண்மை, எரிச்சது உண்மை எண்டா, அந்த உண்மையளை இந்தப் பொய் வந்து சாப்பிட விடாதை எண்டவர்." அவன் கொஞ்சம் தயங்கினான். "அக்கா, அவர் என்னோட முகாம் தமிழ்லயே கதைச்சவர். நானும் கதைச்சன். இத்தினை வருசத்துக்குப் பிறகு. அபிஷா எங்களைப் பாத்துச் சிரிச்சவள்."

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதைவிட வடிவா ஒருத்தனைப் பிடிக்க ஏலாது" என்றார். "தேடிப் பிடிக்கிறதெண்டா கஷ்டம். அவனையே வந்து சொல்லப் பண்ணினால் வேலை முடிஞ்சுது. நீர் அந்தப் பெடியனுக்குச் சொல்லும், வாயைத் திறக்க வேண்டாமெண்டு."

நான் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் நம்பிக்கை இல்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஜெயசீலன் ஒரு பெண் லோயரிடம் போனான். அந்த அம்மா முதலில் கோபப்பட்டு, பிறகு உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டு, வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு காத்திருப்புத்தான். சபையில் பாதிப் பேர் ஜெயசீலனிடம் பேசுவதைக் குறைத்தார்கள். அவனுக்கு ஏதாவது நடந்தால் தங்களையும் இழுப்பார்கள் என்ற பயம். அவன் வழக்கம்போலக் கதிரை அடுக்கினான்.

ஆராய்ச்சி முடிந்தது. பாடசாலை நூலகத்தில் ஒரு பின்னேரம் ஆராய்ச்சிக்காரர் தான் கண்டதை எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பிரின்சிபல், பாஸ்டர், பிரியா, ஜெயசீலன், நான், வேறு பெற்றோர்கள், சில வெள்ளைக்கார ஆசிரியர்கள். அன்றைக்குத்தான் அதுவரை காணாத ஒரு புதினத்தைக் கண்டேன். அந்த மனிதருக்குப் பேச வரவில்லை. தனித்தனியாக எங்கள் ஒவ்வொருவரோடும் தேன் மாதிரிப் பேசியவர், எல்லோரும் ஒன்றாக இருக்கக் கண்டதும் தடுமாறினார். யாருடைய பேச்சை எடுப்பது என்று அவர் வாய்க்குத் தெரியவில்லை. ஒரு சொல்லை யாழ்ப்பாணமாகத் தொடங்கி, பிரியாவைப் பார்த்து நடுவில் மாற்றி, பிறகு ஆங்கிலத்துக்குப் போய் அங்கேயும் இடறினார். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல், எழுதி வந்ததை ஒரே தொனியில் வாசித்து முடித்தார்.

வாசித்தது நல்ல விஷயம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தேவாலயம், கட்டடம் இருந்தும் ஆட்கள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் ஆட்கள் இருந்தும் கட்டடம் இல்லாதவர்கள் பாடசாலைக்குள் கூடுகிறார்கள் என்றார். வார நாட்களில் பாடசாலை வாசலை மிதிக்கப் பயப்படும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழகி, பிறகு திங்கட்கிழமையும் துணிந்து வருகிறார்கள் என்றார். பாஸ்டரின் முகம் மலர்ந்தது. அடுத்ததாக, காலை உணவுத் தட்டுக்குப் பக்கத்தில் வேதாகம வசன அட்டைகள் வைக்கப்படுகின்றன, சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பாணோடு அதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், சாப்பிட வேண்டுமென்றால் எடுக்க வேண்டும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்றார். பாஸ்டர் எழுந்து நின்றார்.

"எங்கட பாட்டுப் பாடி, எங்கட சாப்பாடு சாப்பிட்டு, எங்களையே காட்டிக் குடுத்துப்போட்டீர்" என்றார்.

பிரின்சிபல்தான் நடுவில் வந்தார். மண்டபம் சபைக்குத் தொடர்ந்து கிடைக்கும், அட்டைகள் மட்டும் வேண்டாம் என்று முடிவானது. பாஸ்டருக்கு அது போதவில்லை. ஆராய்ச்சிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது யாரும் போய் வாருங்கள் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜெயசீலன் மட்டும் கதவு வரை கூடப் போனான். ஜெயசீலனைப் பற்றியோ, அவனைப் போன்ற ஒருவரைப் பற்றியோ அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டிருந்தேன்.

பிறகு அவர் சிட்னிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

ஜெயசீலனுக்கு நிரந்தர விசா கிடைத்த செய்தி ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு வந்தது. ரூபி பாடசாலை அலுவலகத்துக்குள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தொலைபேசியை நீட்டிக் காட்டினாள். அபிஷாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டோம். பிரின்சிபலுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் விருந்து என்று முடிவு செய்தார்கள். பாஸ்டரே முன்னுக்கு நின்றார்.

அன்று என் கணவரிடம், "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"அந்த ஆளாலதான் கிடைச்சுது எண்டதுக்கு என்ன அத்தாட்சி? லோயர் கெட்டிக்காரி" என்றார்.

ஜெயசீலன் வந்து, "அக்கா, அவரையும் கூப்பிட வேணும். நான் எடுத்தா அழுதிடுவன். நீங்கள் எடுங்கோவன்" என்றான்.

அலுவலகத் தொலைபேசியிலிருந்து எடுத்தேன். பாடசாலை இலக்கம் மறுபக்கத்தில் தெரியாது. நெடுநேரம் அடித்து, வைக்கப் போன நேரத்தில் எடுத்தார். வேறு யாரோ ஒருவருடைய அழைப்பு என்று நினைத்திருக்க வேண்டும். நான் வாய் திறப்பதற்கு முன்பே ஒரே மூச்சில் ஒரு வசனம் பேசினார். மருந்து குடித்தாயா, சாப்பிட்டாயா என்று வீட்டு ஆளிடம் கேட்கும் கேள்வி. எங்கள் யாரோடும் அவர் பேசியிராத தமிழ். அதில் யாருக்காகவும் சரிசெய்து வைத்த ஒன்றும் இருக்கவில்லை. அவசரமாக, கொஞ்சம் எரிச்சலோடு, அன்போடு வந்தது.

நான் என் பெயரைச் சொன்னேன்.

"ஓம், சொல்லுங்கோ. எப்பிடி இருக்கிறியள்?" என்றார், மறுபடியும் எங்கள் ஒழுங்கைக்காரராக.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூச்சை இழுத்து விட்டது மட்டும் கேட்டது. வர ஏலாது, பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கோ என்றார். வைத்துவிட்டார்.

அந்த ஒரு வசனத்தில் அவருடைய ஊர் எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் அத்தனை பேரும் அத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"என்னவாம் உம்மட ஆராய்ச்சிக்காரர்? ஏதும் தெரிஞ்சுதோ, ஆள் எந்தப் பக்கமெண்டு?"

"தெரியேல்லை" என்றேன்.